முரண்நகையும் நோக்குநிலையும்: ஆங்கிலப் புனைகதை கற்பித்தலில் ஒரு கலைச்சொற் சிக்கல்

ஆங்கில இலக்கியம் பயிலும் தமிழ் மாணவர்கள் கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை, முரண்நகை முதலான கலைச்சொற்களின் வரையறைகளை எளிதில் மனனம் செய்துவிடுகின்றனர். ஆயினும், ஒரு புதினத்தில் அவை எவ்வாறு இயங்குகின்றன என வினவும்பொழுது இடர்ப்படுகின்றனர். 'ஐரனி' எனப்படும் முரண்நகை இதற்குத் தக்க சான்றாகும்.

தமிழ் அணியிலக்கணத்தில் இதற்கு நெருங்கியதாகத் தோன்றுவது வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வது போலப் பழித்தலும் பழிப்பது போலப் புகழ்தலும் அதன் இயல்பு. சொல்லுக்கும் கருத்துக்கும் இடையிலான முரணில் பிறப்பதால், அது சொல்நிலை முரண்நகையுடன் மட்டுமே ஓரளவு பொருந்தும். எதிர்பார்ப்பும் விளைவும் முரணுவது நிகழ்ச்சிநிலை முரண்நகை. வாசகர் அறிந்ததைப் பாத்திரம் அறியாதிருப்பது நாடகநிலை முரண்நகை. இவ்விரண்டும் கதையமைப்பைச் சார்ந்தவை.

மைசூரில் நெடுங்காலம் வாழ்ந்த ஆர்.கே. நாராயண் 1958இல் வெளியிட்ட 'தி கைடு' புதினம் இதனைத் தெளிவுபடுத்தும். 1960ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற நூல் இது. சிறையிலிருந்து விடுதலையான ராஜு, ஆற்றங்கரைக் கோயிலில் தங்குகிறான். வேலன் என்னும் சிற்றூரான் அவனைத் துறவியெனக் கருதுகிறான். வாசகர் உண்மையை அறிவர்; ஊரார் அறியார். இது நாடகநிலை முரண்நகை. பின்னர் வறட்சிக் காலத்தில், ஊரார் சண்டையை நிறுத்தும்வரை உண்ணமாட்டேன் என ராஜு சொல்லியனுப்பிய செய்தி, மழை வேண்டி நோன்பிருப்பதாகத் திரிந்து ஊரைச் சேர்கிறது. உணவை நாடியவன் உண்ணாநோன்பில் சிக்குவது நிகழ்ச்சிநிலை முரண்நகை.

இங்கு நோக்குநிலையின் பங்கு கருதத்தக்கது. ராஜுவின் கடந்தகாலம் அவன் வேலனிடம் கூறும் தன்மைக் கூற்றாகவும், நிகழ்காலம் ஆசிரியரின் படர்க்கைக் கூற்றாகவும் அமைகின்றன. முழு வரலாற்றையும் கேட்ட பின்னரும் வேலனின் பக்தி குறையவில்லை. அறியாமை நீங்கிய பின்னும் நம்பிக்கை நிலைப்பதால், ராஜு போலியா, உண்மைத் துறவியா என்னும் வினா வாசகரிடம் எஞ்சுகிறது. இறுதியில் மழை பெய்ததா என்பதையும் புதினம் உறுதியாகக் கூறவில்லை.

எனவே, முரண்நகையையும் நோக்குநிலையையும் தனித்தனி வரையறைகளாகக் கற்பிப்பது போதாது. 'இவ்விடத்தில் யார் எதனை அறிவர்? அதனை நமக்குக் கூறுபவர் யார்?' என்னும் இரு வினாக்களை மாணவர் தம் பாடநூலின் ஒவ்வோர் இயலிலும் எழுப்பிப் பழகுதல் வேண்டும். அவ்வாறு பழகியவர்க்குக் கலைச்சொல், மனனச் சுமையாக அன்றி, வாசிப்புக் கருவியாகப் பயன்படும்.