தரகர் சிறியவரா, பெரியவரா?

சித்தூரிலும் திருப்பதியிலும் வீடு, மனை தேடும் நம்மவர்கள் முதலில் கேட்பது இதுதான். தெருத் தரகருக்கு அக்கம்பக்கத்துச் சொத்தின் வரலாறு தெரியும். பழைய வீட்டுக்கு அவர் நல்ல துணை. பெரிய நிறுவனத்திடம் புதிய மனைப்பிரிவுகள் பல இருக்கும். ஆனால் கமிஷன் பெரும்பாலும் விற்பவர் தருவது. ஆகவே, யாருக்காகப் பேசுகிறார் என்று எவரிடமும் முதலில் கேளுங்கள்.

2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரெராவில் பதிவான திட்டங்களை விற்றுத்தரும் தரகர், சிறியவரானாலும், தாமும் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வில்லங்கச் சான்றையும், அரசு, கோயில் நிலங்கள் அடங்கிய 22-ஏ தடைப் பட்டியலையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். பத்திரம் தெலுங்கில் இருக்கும். படிக்கத் தெரியாதவர்கள், தரகர் அல்லாத ஒருவரை வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திடுவது நல்லது.