பல்கலைக்கழகத்தில் பாடம் மட்டும்தானா?

தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால், மறுநாள் பிரட்டுக்களத்தில் அதுவே பேச்சாக இருக்கும். மகிழ்ச்சி சற்று அடங்கியதும் பெற்றோர் மனத்தில் சில ஐயங்கள் எழுகின்றன. படிக்கச் சென்ற பிள்ளை சங்கம், நாடகம், விழா என்று பொழுதைக் கழிக்கின்றதே! வேற்றினத்தாருடன் ஒரே அறையில் தங்குகின்றதே! விடுமுறைக்குக்கூட வீட்டிற்கு வராமல் எங்கோ முகாம் நடத்துகின்றதே! இவ்வையங்கள் இயல்பானவை. மலாயாப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றிற்கு இங்கு விடை காண்போம்.

நம்மவர் உழைப்பும் அதில் உண்டு

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றியது. 1959இல் அதன் கோலாலம்பூர்ப் பிரிவு அமைந்தது. 1962 ஜனவரி முதல் நாள் கோலாலம்பூர்ப் பிரிவு தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் வளாகத்திலுள்ள ‘ரிம்பா இல்மு’ என்னும் தாவரத் தோட்டம் 1974இல் அமைக்கப்பட்டது. அதற்கு முன்னர் அந்நிலத்தில் நின்றவை இரப்பர் மரங்களே.

பால்மரம் வெட்டிய மக்களுக்கும் அப்பல்கலைக்கழகத்திற்கும் இதனினும் நெருங்கிய உறவு ஒன்றுண்டு. 1950களின் நடுவில் அங்கே இந்திய இயல் துறை அமைக்கும் திட்டம் எழுந்தபோது, சமஸ்கிருதத்திற்கே முதன்மை தரவேண்டும் என்ற கருத்தும் எழுந்தது. தமிழே முதன்மை பெறவேண்டுமெனத் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற முழக்கத்துடன் நிதி திரட்டினார். வணிகரும் ஆசிரியரும் மட்டுமன்றி, உழைத்துப் பிழைத்த எளிய மக்களும் தம்மால் இயன்றதைத் தந்தனர். அந்நிதி பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்திற்குப் பயன்பட்டது. 1956இல் இந்திய இயல் துறை தோன்றியது. பின்னர் அத்துறைக்குத் தலைமை ஏற்ற தனிநாயக அடிகளாரின் முயற்சியால், 1966இல் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. ஆகவே, பல்கலைக்கழகம் நமக்கு அந்நியமான இடமன்று.

பல இனம், ஒரே கூரை

தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் பயின்ற பிள்ளைக்கு நெருங்கிய தோழர் பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகளே. பல்கலைக்கழக விடுதியிலோ கிளந்தான் மலாய் மாணவர், ஈப்போச் சீன மாணவர், சரவாக் ஈபான் மாணவர் என்று பலரும் அண்டை அறையினர் ஆகின்றனர். ஒருவர் உண்பதை மற்றவர் உண்ணாதிருக்கலாம். ஒருவர் தொழும் நேரம் மற்றவர் படிக்கும் நேரமாக இருக்கலாம். இவற்றையெல்லாம் அன்றாடம் பேசித் தீர்த்துக்கொள்ளும் பழக்கம் அங்கே அமைகின்றது.

இதனால் நம் பிள்ளை தன் பண்பாட்டை இழந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. தீபாவளிக்கு ஏன் விளக்கேற்றுகின்றீர்கள், பொங்கலை ஏன் பொங்க விடுகின்றீர்கள் என்று பிற இனத்தார் கேட்கும்போதுதான், பல மாணவர்கள் தம் பண்டிகையின் பொருளையே தேடிப் படிக்கின்றனர். தேசிய மொழியும் தேர்வுத் தாளில் எழுதும் மொழியாக மட்டும் நில்லாமல், தயக்கமின்றிப் பேசும் மொழியாகின்றது. நாளை மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ பணியேற்கும்போது இப்பழக்கம் கைகொடுக்கும்.

ஆக்கத்திறன் வளரும் களம்

மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் 1980களில் சிறுகதைப் போட்டி ஒன்றைத் தொடங்கினர். தேர்ந்தெடுக்கப்பட்ட கதைகள் ‘பேரவைக் கதைகள்’ என்ற பெயரில் தொகுப்புகளாக வெளிவந்துள்ளன. மாணவர்க்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் இப்போட்டியில் தனிப் பிரிவு வைக்கப்பட்டது.

இத்தகைய போட்டி ஒன்றை நடத்த வேண்டுமாயின் என்னென்ன செய்தல் வேண்டும்? நாளிதழ்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். வந்த கதைகளை முறையாகப் பதிவு செய்ய வேண்டும். நடுவர்களை நாடிச் சென்று இசைவு பெற வேண்டும். நன்கொடை திரட்டி, ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குக் காட்ட வேண்டும். அச்சுப்பிழை திருத்த வேண்டும். இருபது வயதில் இவற்றைச் செய்து பழகியவர், பணிக்குச் சென்றபின் பொறுப்பேற்கத் தயங்கமாட்டார். உறுமி மேளமும் கும்மியும் கோலாட்டமும் தோட்டத்தில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கலை விழா மேடையில் கொடுப்பதற்கு நிறையவே உண்டு.

மக்களை நாடும் மாணவர்கள்

1974ஆம் ஆண்டின் இறுதியில் இரப்பர் விலை வீழ்ந்து, உணவுப் பொருள்களின் விலை ஏறியது. கெடாவின் பாலிங் வட்டாரத்து மக்கள் பெருந்திரளாகக் கூடித் தம் துயரை வெளியிட்டனர். டிசம்பர் மாதத்தில் கோலாலம்பூரில் மாணவர்கள் அவர்களுக்காகக் குரல் எழுப்பினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். 1971இல் இயற்றப்பட்ட பல்கலைக்கழகச் சட்டம் 1975இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. பின்னர் 2012இல் திருத்தப்பட்டு, மாணவர்கள் அரசியல் கட்சியில் உறுப்பினராவதற்கு வழி பிறந்தது. 2021 டிசம்பர் முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் வாக்குரிமையும் பெற்றுள்ளனர்.

ஆரவாரமின்றி நடைபெறும் தொண்டும் உண்டு. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் மு. தம்பிராஜா அவர்களின் முன்முயற்சியால் ஸ்ரீ முருகன் நிலையம் தோன்றியது. பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் இந்தியப் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் கற்பிக்க முன்வந்தனர். தோட்டத்திலிருந்து சென்ற மாணவர், கணக்கிலும் அறிவியலிலும் பின்தங்கிய ஒரு பிள்ளையின் அருகில் அமரும்போது, பாடத்துடன் நம்பிக்கையும் அப்பிள்ளைக்குக் கிட்டுகின்றது. ஆனால், ஒரு நாள் முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால் பயன் சிறிதே. வாரந்தோறும் வருவதே உண்மையான தொண்டு.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

சங்கப் பணி நன்றென்பதற்காக வகுப்பை மறத்தல் ஆகாது. ஒரே நேரத்தில் நான்கு சங்கங்களில் பொறுப்பேற்றுத் தேர்வில் தவறியவர்களும் உளர். எனவே, பிள்ளை வீட்டிற்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பருவத்தின் தேர்வு முடிவு என்ன? எந்தச் சங்கத்தில் என்ன பொறுப்பு? அறைத் தோழரின் பெயர் என்ன, அவர் எவ்வூர்? மூன்றுக்கும் தெளிவான விடை வருமாயின் கவலை வேண்டா.

பணம் இல்லையென்று இடத்தைக் கைவிடவும் வேண்டா. 1997இல் அமைக்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் மாணவர்க்குக் கடன் வழங்குகின்றது. அது திருப்பிச் செலுத்த வேண்டிய பணம் என்பதைப் பிள்ளைக்கு முதலிலேயே உணர்த்திவிடுங்கள். ஐந்தாம் படிவத்திற்குப்பின் எஸ்.டி.பி.எம். வழியாகச் செல்வோர் தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். பள்ளித் தலைமையாசிரியரை அணுகினால் விண்ணப்பிக்கும் முறையை விளக்குவார்.

முன்னோர் தம் சொற்ப வருவாயிலிருந்து தந்த நிதியில் வாங்கிய நூல்களை அவர்களுள் பலர் புரட்டியதும் இல்லை. அவற்றைப் படிக்கும் வாய்ப்பு இன்று நம் பிள்ளைகளுக்கு உண்டு. படித்ததைப் பிறரோடு பகிரவும், தம்பி தங்கையர்க்கு வழிகாட்டவும் அவர்கள் பழகுவதற்கு இடம் கொடுப்போம்.