முதுகில் ஊசி போட்டால் பிரசவ வலி போகிறது. கால் மட்டும் எப்படி அசைகிறது?

கர்ப்பப்பை சுருங்கும் சேதி, நரம்பு வழியே தண்டுவடம் ஏறி மூளையைத் தொட்டால்தான் வலி. வழியிலேயே மறித்தால்?

அதற்குத்தான் எபிடூரல். முதுகின் கீழ்ப்பகுதியில், தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து, மரத்துப்போகும் மருந்தைச் சிறிது சிறிதாக விடுகிறார்கள். முதுகில் அந்த உறைக்கு வெளியே மருந்து விடும் வழியை, 1921-ல் ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடெல் பாஹெஸ் அறுவை சிகிச்சைக்காக எழுதிவைத்தார்.

தோல் பதனிடும் ஆம்பூர்க்காரர்களுக்குத் தெரியும்: ஒரே சாயத்தில் ஆட்டுத்தோல் சட்டென்று ஊறும், எருமைத்தோல் நேரம் கேட்கும். நரம்பும் அப்படித்தான். வலியைச் சுமக்கும் நரம்பிழைகள் மெல்லியவை. காலை அசைப்பவை தடித்தவை. நீர்த்த மருந்து மெல்லியதைத்தான் முதலில் பிடிக்கும். அளவு கூடினால் காலும் கனக்கும்.

குழந்தை மயங்குமா? மாமியார்களின் முதல் கேள்வி. தாயின் ரத்தத்தில் மருந்து கொஞ்சமே கலப்பதால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் தாயின் ரத்த அழுத்தம் இறங்கலாம். மயக்க மருத்துவர் அதையே கவனித்துக்கொண்டிருப்பார்.