கோயிலுக்கு நூறு மீட்டர், குடியிருப்புக்கு எத்தனை?

மதுக்கடையை அகற்றக் கோரும் மனுக்களின் முதல் வரி பெரும்பாலும் 'குடியிருப்பின் நடுவே கடை' என்பதாகவே இருக்கிறது. நியாயத்தின் பார்வையில் அதைவிட வலுவான வாதம் இல்லை. ஆனால் விதியின் பார்வையில் அதற்கு எடை குறைவு. ஏன் என்பதைத் தூத்துக்குடிக் கரையை முன்வைத்து விளங்கிக்கொள்வோம்.

தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 நவம்பர் முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் உள்ளது. கடை அமையும் இடத்தை, 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகளில் 8ஆம் விதி வரையறுக்கிறது. மாநகராட்சி, நகராட்சிகளில் வழிபாட்டிடத்திலிருந்தும் கல்வி நிறுவனத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை கூடாது. பிற பகுதிகளில் 100 மீட்டர். வீடுகளுக்கு இவ்விதி எந்தத் தொலைவையும் வகுக்கவில்லை. கோயிலும் பள்ளியும் உள்ள ஊர்த்தெருவுக்கு வேலி உண்டு. அவை எட்டாத தலித் குடியிருப்புக்கு வேலி இல்லை. ஊரிலிருந்து விலக்கப்படும் கடை சேரியின் ஓரத்திற்குப் பெயர்வதை இவ்விதி தடுப்பதில்லை.

2008இல் மாநகராட்சியான தூத்துக்குடியில் பாதுகாப்பு இன்னும் சுருங்குகிறது. 50 மீட்டர் என்னும் குறைந்த அளவும்கூட, நகரமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என வகைப்படுத்தப்பட்ட இடங்களுக்குப் பொருந்தாது. துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் நகரில் இவ்விலக்கு சிறியதன்று.

நெடுஞ்சாலைத் தீர்ப்பின் கதையும் இதுவே. கே. பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 மார்ச்சில், 20,000 பேர் வரை வாழும் உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அது 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இத்தடை பொருந்தாது என விளக்கப்பட்டது. ஆக, வேம்பாரிலிருந்து தூத்துக்குடி வழியே திருச்செந்தூர் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஊர் எல்லை மாறும்போது உரிமையும் மாறுகிறது.

கிராம சபைத் தீர்மானம் போதாதா? 8ஆம் விதி கிராம சபையின் ஒப்புதலை நிபந்தனையாக்கவில்லை. 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது. ஆனால் அது ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி ஒன்றுகூட இல்லை. எனினும் தீர்மானம் வீணன்று. மக்களின் எதிர்ப்பை நாளோடு பதிவு செய்யும் சான்று அது.

ஆகவே மனுவை விதியின் மொழியில் எழுதுவோம். அங்கன்வாடி, பள்ளி, தேவாலயம், குலதெய்வக் கோயில் ஆகியவை எந்த ஆண்டு முதல் உள்ளன, கடை எந்த ஆண்டு வந்தது என்பதற்கான ஆவணங்களைத் திரட்டுவோம். மக்கள் அன்றாடம் நடக்கும் வழியை மீட்டரில் அளந்து வரைபடமாக இணைப்போம். நிலத்தின் வகைப்பாட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுவோம்.

இவை இருக்கும் விதிக்குள் நின்று போராடும் வழிகள். விதியையே மாற்றுவதுதான் நம் கோரிக்கை. பட்டியல் சாதியினரைச் சமூக அநீதியிலிருந்து காக்கச் சொல்கிறது அரசியலமைப்பின் 46ஆம் உறுப்பு. மதுவிலக்கை நோக்கி நடக்கச் சொல்கிறது அடுத்துள்ள 47ஆம் உறுப்பு. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும் அரசு, கோயிலுக்கு அளந்த மீட்டரைக் குடியிருப்புக்கும் அளக்க வேண்டும்.