அச்சகத்துக்குப் போகும் பிடிஎப்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கோயில் திருவிழா மலர், பாடசாலை ஆண்டு மலர், விளையாட்டுக் கழகத்தின் சிறப்பிதழ், 31ஆம் நாளில் உறவினர் கையில் கொடுக்கும் நினைவு மலர் என்று திருகோணமலை, மூதூர், கிண்ணியா பக்கங்களில் வருடம் முழுக்க ஏதாவது ஒன்று அச்சேறிக்கொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் கையெழுத்துப் பிரதியையும் இரண்டு படங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தால் மிச்சத்தை அச்சகம் பார்த்துக்கொள்ளும். இப்போது பக்க வடிவமைப்பு வீட்டிலேயே நடக்கிறது. மருமகனோ, கணினி தெரிந்த ஆசிரியரோ செய்து முடித்து, ஒரு பிடிஎப் கோப்பை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள்.

கோப்பை எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒரு பெட்டி திறந்து ஏழெட்டுக் கேள்வி கேட்கும். பலர் எதையும் பார்க்காமல் ஓகே கொடுத்துவிடுகிறார்கள். மங்கிய படம், உடைந்த எழுத்து, ஓரத்தில் வெள்ளைக் கோடு என்று பிறகு அச்சகத்தின் தலையில் சுமத்தப்படும் குறைகளில் பெரும்பாலானவை அந்தப் பெட்டியிலோ அதற்குச் சற்று முன்னரோ தீர்மானமானவை. நினைவு மலருக்கு இரண்டாம் பதிப்பு கிடையாது. அதனால்தான் இவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

இன்டிசைனில் பிடிஎப் எடுக்கும்போது நாலைந்து ஆயத்தத் தெரிவுகள் வருகின்றன. எது அச்சுக்கு உரியது?

‘ஸ்மோலெஸ்ட் ஃபைல் சைஸ்’ அச்சுக்கு வேண்டவே வேண்டாம். படங்களை அது அங்குலத்துக்கு 100 புள்ளி அளவுக்குக் குறைத்து, நிறங்களையும் திரைக்குரியதாக மாற்றிவிடும். மின்னஞ்சலில் ஒருவருக்குக் காட்டி ஒப்புதல் வாங்க மட்டும் அது போதும். ‘ஹை குவாலிட்டி பிரிண்ட்’ 300 புள்ளியைக் காப்பாற்றும். நிறங்களை இருந்தபடியே விட்டுவிடும். ‘பிரஸ் குவாலிட்டி’ 300 புள்ளியோடு நிறங்களையும் அச்சு மைக்குரிய சிஎம்வைகே முறைக்கு மாற்றித் தரும். ஓப்செட் அச்சுக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கவேண்டும்.

‘பிடிஎப் எக்ஸ்-1ஏ’, ‘எக்ஸ்-4’ என்றும் இரண்டு வரும். அச்சுக்கென்றே வகுக்கப்பட்ட சர்வதேசத் தரங்கள் இவை. எக்ஸ்-1ஏ 2001இல் வந்தது. திரைக்குரிய ஆர்ஜிபி நிறத்தையும் ஒளி ஊடுருவும் நிழல்களையும் அது அனுமதிக்காது, எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். பிந்தி வந்த எக்ஸ்-4 நிழல்களை அப்படியே வைத்திருக்கும். எழுத்துருக்கள் கோப்புக்குள் இருந்தே ஆகவேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. பழைய இயந்திரம் வைத்திருக்கும் அச்சகம் எக்ஸ்-1ஏ கேட்கும், புதியது எக்ஸ்-4 கேட்கும். நாமாக ஊகிக்காமல் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

பாமினியில் தட்டச்சு செய்த மலர். அச்சகத்தில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கிறதாம். ஏன்?

நம் நாட்டில் இன்னும் ஏராளமானோர் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அது யுனிகோடு எழுத்துரு அல்ல. கணினியின் பார்வையில் நீங்கள் அடித்தது ஆங்கில எழுத்துகளே. பாமினி என்ற எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி, அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் ஓர் அரைப்புள்ளி வந்து நிற்கும். எஃப்.எம். அபயா போன்ற பழைய சிங்கள எழுத்துருக்களுக்கும் இதே கதிதான். ஒரே சுவரொட்டியில் மும்மொழியும் வரும் நம் ஊரில் ஆங்கிலம் மட்டும் தப்பிப் பிழைக்கும்.

எழுத்துரு பிடிஎப்புக்குள் பதிந்திருந்தால் இந்தப் பிரச்சினை வராது. சரிபார்ப்பது சுலபம். அடோபி ரீடரில் கோப்பைத் திறந்து, ஃபைல், புரொபர்ட்டீஸ், ஃபொண்ட்ஸ் என்று போனால் எழுத்துருக்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘எம்பெடட்’ அல்லது ‘எம்பெடட் சப்செட்’ என்று இருக்கவேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் அனுப்பக்கூடாது. பேஜ்மேக்கரில் செய்து டிஸ்டிலர் வழியாக எடுப்பவர்கள் ‘எம்பெட் ஆல் ஃபொண்ட்ஸ்’ தெரிவைக் கட்டாயம் பார்க்கவேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதை வைத்து இன்றும் வேலை செய்பவர்களின் கைத்திறனை மதிக்கிறேன்; ஆனாலும் அந்த மென்பொருளை விட்டு வெளியேவருவது நல்லது.

எல்லாம் பதிந்திருந்தும் எழுத்து மாறிவிட்டால் காரணம் வேறாக இருக்கும். ஒரு சிறு திருத்தத்துக்காக அச்சகத்தில் உங்கள் பிடிஎப்பைக் கோரல்ட்ராவில் திறந்திருப்பார்கள். பதிந்த எழுத்துரு அச்சடிக்கத்தான் உதவும், திருத்த உதவாது. திருத்தம் இருந்தால் நாங்களே செய்து புதுக் கோப்புத் தருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எழுத்துகளை எல்லாம் ‘கேர்வ்’ (வெறும் கோட்டுருவம்) ஆக்கிக் கொடுத்தால் தொல்லை தீருமே?

அழைப்பிதழுக்கும் முகப்பு அட்டைக்கும் தீரும். கோரல்ட்ராவில் பிடிஎப் எடுக்கும்போதே அதற்கொரு தெரிவு உண்டு. ஆனால் 80 பக்க மலர் முழுவதையும் அப்படி மாற்றினால் சிறிய எழுத்துகள் ஒரு சுற்றுத் தடித்துப்போகலாம். ஒரு சொல்லைக்கூடத் தேடி எடுக்கமுடியாது. கடைசி நிமிடத்தில் ஒரு பெயர் பிழையென்று தெரிந்தால் திருத்தவும் வழியில்லை. புத்தகத்துக்கு எழுத்துருவைப் பதிப்பதே முறை.

யுனிகோடுக்கு மாறினோம். இப்போது இன்டிசைனில் ‘கோணேசர்’ என்ற பெயரே சிதறுகிறது.

இது பிடிஎப்பின் பிழை அல்ல. ‘கோ’ என்ற எழுத்தில் இரட்டைக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரவேண்டும். ‘ணே’யில் கொம்பு முன்னால் வரவேண்டும். இன்டிசைன் வழக்கமாகப் பயன்படுத்தும் பத்தி அமைப்பி ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டது. அது உயிர்க்குறியைக் கணினியில் பதிந்த வரிசையிலேயே மெய்யெழுத்துக்குப் பின்னால் போட்டுவிடும். பத்திப் பலகத்தின் மெனுவில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பரகிராஃப் கம்போசர்’ என்பதைத் தெரிவு செய்தால் ‘கோணேசர்’ சேர்ந்துவிடுவார். 2012இல் வந்த சிஎஸ்6 முதல் தமிழுக்கு இந்த வசதி உண்டு. ஒவ்வொரு பத்தியாக மாற்றாமல் பத்திப் பாணியிலேயே அதை வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தலைப்பில் சரியாக வந்த பெயர் படத்தின் கீழ் வரும் குறிப்பில் உடைந்து நிற்கும்.

பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் திறன் அதன் 1.5.3 பதிப்பில் வந்தது. 2024 தொடக்கத்தில் வெளியான 1.6 நிலையான பதிப்பு. சிஎம்வைகே, எக்ஸ்-1ஏ, எக்ஸ்-4 எல்லாம் அதிலும் உண்டு. பாடசாலைகள் இதைப் பழக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேர்டில் செய்து பிடிஎப் எடுத்தால் அச்சகம் ஏற்குமா?

கறுப்பு மட்டும் அச்சேறும் உட்பக்கங்களுக்குத் தாராளமாக. ‘மினிமம் சைஸ்’ என்பதை விட்டு ‘ஸ்டாண்டர்ட்’ என்பதை எடுங்கள். வண்ணப் பக்கமென்றால் சிக்கல். வேர்டுக்குச் சிஎம்வைகே தெரியாது. அது தரும் கறுப்பு எழுத்து நான்கு நிறக் கறுப்பாக மாறக்கூடும். வழக்கமான ஓர் அமெரிக்க நிறச் சுயவிவரத்தில் (கலர் புரொஃபைல்) அந்த மாற்றம் சியான் 75, மஜெந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று அமையும். கூட்டினால் 300 விழுக்காடு மை. நான்கு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுவது கடினம். சற்று விலகினாலும் எட்டுப் புள்ளி எழுத்தில் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், ‘ஞ’ ஒரு கறையாகிவிடும், ஓரங்களில் சிவப்பும் நீலமும் கசியும். எழுத்தின் கறுப்பு எப்போதும் கறுப்பு மை 100, மற்றவை பூச்சியம் என்றே இருக்கவேண்டும்.

அம்மாவின் படம் திரையில் தெளிவு. புத்தகத்தில் கட்டம் கட்டமாக வந்துவிட்டது.

அதிகம் மனம் நோகவைக்கும் குறை இதுதான். ஓப்செட்டில் படம் ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 150 வரிப் புள்ளிகளாக அச்சேறுகிறது. அதற்கு இரு மடங்கு தகவல் படத்தில் இருக்கவேண்டும் என்பது தொழில் வழக்கு. 300 என்ற எண் அப்படி வந்தது. ஏ5 பக்கம் முழுக்க ஒரு படம் நிறையவேண்டுமானால் அதில் 1748க்கு 2480 புள்ளிகள் வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதன் நீளப் பக்கம் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். 300 கணக்கில் 13.5 சென்ரிமீற்றருக்குமேல் தாங்காது. அரைப் பக்கத்துக்குச் சரி, முழுப் பக்கத்துக்குப் போதாது. அதே படத்தை ‘டொக்யூமென்ட்’ ஆக அனுப்பினால் சுருங்காமல் வந்துசேரும். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் படம் கேட்கும்போதே இதைச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றுதான் இருக்கிறதென்றால் போனில் பிடிக்காமல் 600 புள்ளியில் ஸ்கேன் செய்யவேண்டும். 35க்கு 45 மில்லிமீற்றர் படம் இரு மடங்காகி, 7க்கு 9 சென்ரிமீற்றராகத் தெளிவாக அச்சேறும். அந்த அளவோடு நிறுத்திவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் படத்தைப் பெரிதாக்கித் தருகின்றன. ஆனால் இல்லாத தகவலை அவை கற்பனையாகவே நிரப்புகின்றன. கண்ணோரச் சுருக்கம் மாறி, வேறொருவர் முகம் வந்துவிடுகிறது. இறந்தவரின் படத்தில் அதைச் செய்யாதீர்கள். சிறிய படமாக இருந்தாலும் அவர் முகமாக இருக்கட்டும்.

இராவணன் வெட்டிலிருந்து எடுத்த கடல் படம் அட்டைக்கு. அந்த நீலம் அச்சில் ஏன் செத்துப்போகிறது?

திரை ஒளியை வீசுகிறது; மை ஒளியை விழுங்குகிறது. நம் கடலின் பச்சை கலந்த பளிச்சென்ற நீலம் சிஎம்வைகே மைகளால் எட்டமுடியாத இடத்தில் இருக்கிறது. எந்த அச்சகத்தாலும் அதை முழுதாகக் கொண்டுவர முடியாது. கடும் நீலமென்றால் ஊதா தட்டும். மஜெந்தாவைச் சியானைவிட 30 விழுக்காடாவது குறைத்து வைத்தால் நீலமாகவே நிற்கும். குங்குமச் சிவப்பும் மஞ்சளும் தாளில் நன்றாக வரும். பொன் நிறத்துக்குத் தனி உலோக மை வேண்டும். நான்கு நிறத்தில் அது பழுப்பு மஞ்சளாகத்தான் விழும்.

ஏமாற்றத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டு. ‘புரூஃப் கலர்ஸ்’ பார்வையைப் போட்டால் அச்சில் வரப்போகும் நிறத்தைத் திரை ஓரளவு காட்டும். எந்த நிறச் சுயவிவரம் என்பதை அச்சகத்திடம் கேட்டுப் போடவேண்டும். மாற்றாமல் விட்டால் பல கணினிகளில் அமெரிக்கச் சுயவிவரமே இருக்கும். ஆர்ட் பேப்பருக்கும் பளபளப்பில்லாத தாளுக்கும் சுயவிவரம் வேறு வேறு.

ஓரத்தில் வெள்ளைக் கோடு?

பிளீட் விடாததால். தாளை அடுக்கி வெட்டும்போது ஒரு மில்லிமீற்றர் முன்பின்னாகும். அதனால் படம் வெட்டுக்கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் நீண்டிருக்கவேண்டும். ஏ5 என்றால் 148க்கு 210 அல்ல, 154க்கு 216. எழுத்து உள்ளே 5 மில்லிமீற்றராவது தள்ளி நிற்கட்டும். பிரஸ் குவாலிட்டி எடுத்தாலும் பிளீட் தானாக வராது. ‘மார்க்ஸ் அண்ட் பிளீட்ஸ்’ பகுதியில் ‘யூஸ் டொக்யூமென்ட் பிளீட் செட்டிங்ஸ்’ என்பதை டிக் செய்யவேண்டும். வெட்டுக் குறியையும் அங்கேயே போடலாம்.

இரண்டு பக்கமாகச் சேர்த்துக் கொடுப்பதா, தனித்தனியாகவா?

தனித்தனியாக, ஒன்று முதல் கடைசி வரை வரிசையாக. பிளேட்டில் எந்தப் பக்கம் எங்கே என்பதை அச்சகம் பார்த்துக்கொள்ளும். நடுவில் பின் அடிக்கும் மலரென்றால் மொத்தப் பக்கம் நான்கால் வகுபடவேண்டும்.

நிழல் போட்ட படத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் தெரிகின்றன. அச்சில் வருமா?

பெரும்பாலும் வராது. எக்ஸ்-1ஏ தட்டையாக்கும்போது படம் துண்டுகளாகும். துண்டுகளுக்கிடையிலான எல்லையைத் திரை கோடாகக் காட்டுகிறது. பெரிதாக்கிப் பாருங்கள். பெரிதாக்கியும் கோடு மயிரிழையாகவே இருந்தால் அச்சுக்குப் பயமில்லை. படத்தோடு சேர்ந்து தடித்தால்தான் கவலைப்படவேண்டும்.

அச்சான பிறகு அந்தக் கோப்பை என்ன செய்வது?

பலர் அழித்துவிடுகிறார்கள். செய்யவேண்டாம். பழைய கோயில் மலர்களிலும் நினைவு மலர்களிலும் ஊரின் வரலாறு கிடக்கிறது. யார் எங்கிருந்து வந்தார், எந்தக் குளத்தைக் கட்டினார், எந்தப் பாடசாலையில் படிப்பித்தார் என்பதெல்லாம் வேறெங்கும் எழுதப்படவில்லை. 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கிச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் தளத்தில் இத்தகைய மலர்களும் இருக்கின்றன. அச்சுக்கு அனுப்பிய கோப்போடு, எழுத்துகளைக் கேர்வ் ஆக்காமல் யுனிகோடிலேயே இன்னொரு பிடிஎப் எடுத்து வையுங்கள். திறந்து, அதில் ஊர்ப் பெயர் ஒன்றைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்துக்கும் இன்னொன்றை நூலகம் நிறுவனத்துக்கும் அனுப்பிவிடலாம்.