காலாண்டு விடுமுறை யாருக்கு?

ஊரோடு ஏழு நாள் – 9

சென்ற வாரம், மகளை முகாமுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் பேசிச் சம்மதம் வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். இந்த ஆண்டுதான் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகப் பொறுப்பேற்றிருக்கும் ஓர் இளம் ஆசிரியை அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “மாணவிகள் வீட்டுல சம்மதம் வாங்குறதை எழுதிட்டீங்க மேடம். நம்ம வீட்டுல எப்படி வாங்குறது? எனக்கு ரெண்டு வயசுப் பையன் இருக்கான்.” இந்த வாரம் முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் நாட்காட்டியைப் பார்த்துவிடலாம். காலாண்டுத் தேர்வு செப்டம்பர் கடைசி வாரத்தையொட்டி முடியும். முடிந்த கையோடு முகாம் தொடங்கும். அக்டோபர் முதல் வாரத்தில் பள்ளி திறந்துவிடும். நடுவில் கிடைக்கும் விடுமுறைக்குள் ஏழு நாள் முகாமை வைத்தால் மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இராது. பல ஆண்டுகளில் நவராத்திரியும் இதே நாட்களை ஒட்டி வரும். கொலு வைக்கிற வீடோ, ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைக்கிற வீடோ, ஆள் வேண்டியிருக்கும் நேரம் அது. சொந்தப் பிள்ளைகளுக்கும் அதே விடுமுறைதான். “லீவு விடட்டும், உன்கூடவே இருக்கேன்” என்று ஜூன் மாதத்திலிருந்து சொல்லிவைத்த விடுமுறை. அதில்தான் அம்மா ஊரார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேறோர் ஊருக்குப் போகிறாள்.

திட்டத்தின் விதிப்புத்தகத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. காந்தி நூற்றாண்டு கொண்டாடப்பட்ட 1969ஆம் ஆண்டு, செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. மாணவர் இரண்டு ஆண்டு தொண்டு செய்ய வேண்டும். ஆண்டுக்கு 120 மணி நேரம், மொத்தம் 240. அதோடு தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். மாணவரின் நேரத்தை மணிக்கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள். திட்ட அலுவலரின் நேரத்துக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லையில் கோனார்க் சூரியன் கோயிலின் சக்கரம் இருக்கிறது. அதன் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிப்பவை. எந்நேரமும் தொண்டுக்கு ஆயத்தமாக இரு என்று பொருள் சொல்வார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது நல்ல பாடம். நாற்பது வயதில் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்த 24 மணி நேரமும் ஏற்கெனவே பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டவை.

ஏழு நாள் என்பது காகிதத்தில்தான். ஆகஸ்டிலேயே முகாம் தொடங்கிவிடுகிறது. ஊரைப் போய்ப் பார்க்க வேண்டும். ஊராட்சித் தலைவரிடம் பேச வேண்டும். தங்குவதற்குத் தொடக்கப் பள்ளியா, சமுதாயக் கூடமா என்று முடிவாக வேண்டும். எதுவானாலும் கழிப்பறை எத்தனை, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று நாமே திறந்து பார்த்துவிட்டு வர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருத்துவர், காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் கடிதம். சமையல்காரர், அண்டா, ஜமுக்காளம், முதலுதவிப் பெட்டி. இவை எல்லாம் பள்ளி விட்ட பிறகு மாலை ஐந்து மணிக்கு மேல் நடக்கிற வேலைகள். அதாவது, வீட்டுக்கு உரிய நேரத்தில் நடப்பவை.

பணமும் அப்படித்தான். முகாமுக்கு ஒரு மாணவருக்கு 450 ரூபாய் என்ற கணக்கு நெடுங்காலம் இருந்தது. ஏழு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 64 ரூபாய் சொச்சம். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு வேளைத் தேநீர், பந்தல், பதாகை, போக்குவரத்து எல்லாம் அதற்குள். மீதியை அரிசிக் கடைக்காரரும் காய்கறி மண்டிக்காரரும் முன்னாள் மாணவிகளும் கொடுத்தார்கள். அவர்களிடம் போய் நின்று கேட்டு வாங்குவதும் திட்ட அலுவலரின் வேலை. முன்பணம் வரத் தாமதமானால் வீட்டுப் பணம் போகும். அந்த மாதம் சீட்டுப் பணம் கட்டுவது தள்ளிப்போகும்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டிலும் ஒரு முகாமுக்கான ஏற்பாடு நடக்கிறது. இதைத்தான் அந்த இளம் ஆசிரியை கேட்டார் என்று நினைக்கிறேன். அத்தையை ஊரிலிருந்து வரச் சொல்ல வேண்டும். அவர் வருவதென்றால் அவருடைய சர்க்கரை மாத்திரை, மாமாவின் தனிச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் வழி செய்ய வேண்டும். மாவு அரைத்து வைப்பது, பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் செய்து பாட்டிலில் அடைப்பது, சிலிண்டருக்குப் பதிந்து வைப்பது, மகளின் விடுமுறை வீட்டுப்பாடத்தைப் பிரித்து நாள் வாரியாக எழுதி ஒட்டுவது. எங்கள் மாவட்டத்தில் பல ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கும் ஆண் ஆசிரியர்களிடம் பேசியிருக்கிறேன். முகாமுக்கு முதல் நாள் அவர்கள் பெட்டியில் துணி எடுத்து வைக்கிறார்கள். சிலருக்கு அதையும் மனைவி எடுத்து வைக்கிறார். அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கும் மனிதர்கள் அவர்கள். ஆனால் ஒரே பொறுப்பு, ஒரே ஏழு நாள், வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன் ஒருவர் செய்ய வேண்டியதும் இன்னொருவர் செய்ய வேண்டியதும் வேறுவேறாக இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டத்துக்குப் பெண் அலுவலர்கள் முன்வருவதில்லை என்று கூட்டங்களில் வருத்தப்படுகிறவர்கள் இந்த இடத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் ஊரில் முகாம் போட்டிருந்தபோது, தினமும் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்த ஒரு பாட்டி கேட்டார்: “ஏன் டீச்சரம்மா, இங்க இத்தன பிள்ளைகளப் பாக்கீயளே, ஒங்க பிள்ளைகள யாரு பாக்கா?” பக்கத்தில் இருந்த பெரியவர் எனக்காகப் பதில் சொன்னார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றார். அன்போடு சொன்ன வார்த்தை. ஆனால் பாட்டி விடவில்லை. “தானா எங்க வளரும்? அங்கன ஒருத்தி ஒலை வச்சுக்கிட்டு இருப்பா” என்றார். அவர் சொன்னதுதான் உண்மை. என் பிள்ளைகள் தானே வளரவில்லை. அந்த நாட்களில் அவர்களை வளர்த்தது மூட்டு வலியோடு எங்கள் வீட்டு அடுப்படியில் நின்ற என் அத்தை. நிறைவு விழா மேடையில் சமையல் மாஸ்டர் வரைக்கும் பொன்னாடை போர்த்துகிறோம். அத்தையின் பெயரை யாரும் வாசித்ததில்லை.

முகாமுக்குள் போய்விட்டால் வீடு மறந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி நடந்ததில்லை. பகலில் நினைக்க நேரமிருக்காது, அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் யோகா, கொடியேற்றம், பிறகு களப்பணி. மதியம் யாராவது ஒருவரின் உரை. சாயங்காலம் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, இரவு கலை நிகழ்ச்சி. பத்து மணிக்குப் பிள்ளைகள் படுத்த பிறகுதான் போனைக் கையில் எடுப்பது. சமுதாயக் கூடத்துக்குள் சிக்னல் இருக்காது; தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்க வேண்டும். அந்நேரம் மகன் தூங்கியிருப்பான். காய்ச்சல் வந்தது, மருந்து கொடுத்தது, விட்டது எல்லாம் நடந்து முடிந்த செய்தியாகத்தான் வந்து சேரும். பேசிவிட்டு வந்து, கொண்டுபோன விடைத்தாள் கட்டைப் பிரிக்க வேண்டும். காலாண்டு விடைத்தாள் பள்ளி திறக்கும் அன்று கையில் இருந்தாக வேண்டுமே. பெண்கள் முகாமில் இரவுக் காவலும் நம்முடையதுதான். வாசலை ஒட்டிப் படுத்துக்கொண்டு, டார்ச்சை அணைக்காமல் வைத்துக்கொண்டு, தாவரவியல் தாள் திருத்துவேன். ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு மாணவி எழுதிய ஐந்து மதிப்பெண் விடையை நான் வாசித்துக்கொண்டிருப்பேன். அவளோ அன்று முழுக்கச் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கை கொப்பளித்து, நாலடி தள்ளி உறங்கிக்கொண்டிருப்பாள்.

பிறகு ஏன் திரும்பத் திரும்பப் போகிறேன் என்று கேட்டால், கண்மாய்க் கரையைத்தான் காட்டுவேன். பனம்பழம் உதிர்ந்து விதை கிடைக்கும் பருவமும் இந்த முகாமும் ஒன்றாக வருகின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் விதைத்துவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மாணவிகள் வீடு வீடாகப் போய்ப் பனங்கொட்டை சேகரிப்பார்கள். ஓர் அடி ஆழக் குழி, பத்தடி இடைவெளி. பனை முளைக்கும் விதம் மற்ற விதைகளைப் போன்றதன்று. முளை மேலே வராமல் முதலில் குழாய்போல் கீழ்நோக்கிப் போகும். மண்ணுக்குள் கிழங்கு திரண்ட பிறகுதான் ஓலை வெளியே தலைகாட்டும். ஆண் பனையா பெண் பனையா என்று பாளை விடும்வரை தெரியாது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வகுப்பறையில் இதைப் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். கரையில் குழி தோண்டிய மாணவி, “அப்போ இது பாளை விடும்போது எனக்கு முப்பது வயசாகியிருக்கும் மிஸ்” என்று கணக்குப் போட்டுச் சொன்னாள். நான் நடத்திய எந்தப் பாடத்திலும் ஒரு பிள்ளை தன் ஆயுளை வைத்துக் கணக்குப் பார்த்ததில்லை.

இன்னொன்று கிராம சபை. காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். முகாம் நாட்கள் பெரும்பாலும் அதைத் தொட்டுக்கொண்டு வரும். கணக்கெடுப்பில் கேட்டறிந்ததை, எந்தத் தெருவில் குடிநீர்க் குழாய் வரவில்லை, எந்த வீட்டில் முதியோர் உதவித்தொகை நின்றுபோனது என்பதை எழுதி எடுத்துக்கொண்டு மாணவிகள் அந்தக் கூட்டத்தில் போய் உட்கார்வார்கள். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் தனியாகவே எழுதுகிறேன்.

திரும்பி வருவது பற்றி யாரும் பேசுவதில்லை. நிறைவு விழா முடியும். பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஊர்ப் பெண்கள் வேன்வரை வந்து வழியனுப்புவார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பள்ளி. காலை முதல் மணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. உடம்பு வீட்டில் இருந்தாலும் காது இன்னும் முகாமில்தான் இருக்கும். நள்ளிரவில் கதவுச் சத்தம் கேட்டு எழுந்து, பிள்ளைகளை எண்ணப் போவேன். வீட்டில் இருப்பவர்களும் நாம் இல்லாத ஒரு வாரத்துக்கு ஏற்ப மாறியிருப்பார்கள். மகன் பாட்டியிடம்தான் சோறு கேட்பான். மகள் ஒன்றும் கேட்க மாட்டாள். அதுதான் கூடுதல் கனம். இதற்கு இரண்டு நாளாவது வேண்டும். ஆனால் அந்த இரண்டு நாளில் பில்களை வரிசைப்படுத்தி, வவுச்சர் எழுதி, வரவு செலவு முடித்து, புகைப்படங்களோடு அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கிறது.

இதைச் சரிசெய்ய முடியாததில்லை. முகாம் முடிந்ததும் திட்ட அலுவலருக்கு ஈடுசெய் விடுப்பு இரண்டு நாளேனும் உறுதியாக வேண்டும். ‘பார்க்கலாம்’ என்று தலைமையாசிரியரின் மனநிலைக்கு விடக் கூடாது. ஒரு முகாமுக்கு இரண்டு ஆசிரியர்கள், இரவுக் காவல் ஆளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று பிரித்துப் போட வேண்டும். அந்தக் காலாண்டு விடைத்தாள்களுக்கு ஒரு வாரம் கூடுதல் அவகாசம் கொடுத்தால் எந்த மாணவியும் கெட்டுப்போக மாட்டாள். முன்பணம் முகாமுக்கு முன்பே வர வேண்டும், பெயரே முன்பணம். தொண்டு என்று சொல்லிவிட்டால் அதைச் செய்கிறவருக்கு உறக்கமும் குடும்பமும் வேண்டாம் என்று ஆகிவிடாது. அந்தச் சொல்லை வைத்து இவற்றையெல்லாம் கேட்கக் கூச்சப்பட வைக்கிறார்கள். நான் கேட்கிறேன். இந்தத் திட்டம் இன்னும் பல்லாண்டு நடக்க வேண்டும் என்று விரும்புவதால் கேட்கிறேன்.

இனி, அந்த இளம் ஆசிரியைக்கு. ரெண்டு வயசுப் பையனை விட்டுவிட்டு இந்த ஆண்டு இரவு தங்காதீர்கள். துணைக்கு வரும் ஆசிரியரிடம் இரவைக் கொடுத்துவிட்டு, காலையில் வந்து சாயங்காலம் போகும்படி தலைமையாசிரியரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். செப்டம்பரில் கேட்டால் நடக்காது. உங்கள் வீட்டுக்காரரிடம் சம்மதம் கேட்பதற்குப் பதில், அந்த வாரம் அவர் எத்தனை நாள் விடுப்பு எடுப்பார் என்று கேளுங்கள். பையன் ஒன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு அவனையும் ஒரு நாள் முகாமுக்குக் கூட்டிவாருங்கள். என் மகளை அப்படி ஒருமுறை கூட்டிப்போனேன். அம்மா எங்கே போகிறாள் என்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். மாணவிகளோடு சேர்ந்து மூன்று பனங்கொட்டைகள் ஊன்றினாள். அதற்குப் பிறகும் நான் கிளம்பும்போது அவள் முகம் வாடத்தான் செய்தது. ஆனால் திரும்பி வந்ததும், தன் பனங்கொட்டைகள் என்ன ஆயின என்று கேட்பதற்கு அவளுக்கு ஒரு விஷயம் இருந்தது. அந்தப் பேச்சிலிருந்துதான் நாங்கள் இருவரும் ஒவ்வோர் ஆண்டும் பழையபடி பேசத் தொடங்குகிறோம்.

(தொடரும்)