படுத்தவுடன் உடல் தூக்கிப் போடுவது ஏன்? அஞ்ச வேண்டாதவையும் அலட்சியம் கூடாதவையும்

புதுதில்லி: பகலெல்லாம் இயல்பாக இருந்த உடல், இரவில் கண்ணயரும் நேரத்தில் திடீரெனத் தூக்கிப் போடுவதும், கால் தானாக உதைத்துக்கொள்வதும் பலரை அச்சத்தில் ஆழ்த்துகின்றன. இது வலிப்பு நோயாக இருக்குமோ என்ற கவலையிலேயே உறக்கத்தைத் தொலைப்போர் உண்டு. சிலர் மருத்துவரை அணுகாமல் தூக்க மாத்திரையை நாடுகின்றனர். இத்தகைய துடிப்புகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. எனினும், சில வேளைகளில் அவை சிகிச்சையால் சரிசெய்யக்கூடிய குறைபாட்டின் அறிகுறியாகவும் அமைகின்றன.

துடிப்பின் வகைகள்

தசைகள் நமது விருப்பமின்றி நொடிப்பொழுதில் சுருங்கித் தளர்வதை மருத்துவத் துறை 'மயோக்ளோனஸ்' என அழைக்கிறது. விக்கலும் இவ்வகையைச் சேர்ந்ததே. விழிப்பிலிருந்து உறக்கத்துக்கு மாறும் தருணத்தில் ஏற்படும் துடிப்பு 'ஹிப்னிக் ஜெர்க்' எனப்படுகிறது. பள்ளத்தில் விழுவது போன்ற உணர்வும் இதனுடன் சேர்ந்து வரலாம். 10 பேரில் 6 அல்லது 7 பேர் இதனை அனுபவித்திருப்பர் என மதிப்பிடப்படுகிறது. ஓரிரு முறை துடித்த பின் உறக்கம் வந்துவிடுமாயின் சிகிச்சை தேவையில்லை.

'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்' எனப்படும் கால் அமைதியின்மை இதிலிருந்து வேறுபட்டது. இதில், படுத்தவுடன் கால்களில் ஊர்வது போன்ற உணர்வும், அவற்றை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதலும் தோன்றும். எழுந்து நடந்தால் தணியும். மாலையிலும் இரவிலும் அதிகரிக்கும்.

உறங்கிய பின்னர், பெரும்பாலும் 20 முதல் 40 நொடிகளுக்கு ஒருமுறை கால்கள் உதைத்துக்கொள்வது மற்றொரு வகை. பாதிக்கப்பட்டவரைக் காட்டிலும் அருகில் உறங்குபவரே இதனை முதலில் கவனிக்கிறார். அரிதாகச் சிலருக்கு, விழிப்புடன் மல்லாந்து படுத்திருக்கும்போது வயிறு, முதுகுத் தசைகள் மீண்டும் மீண்டும் வெட்டி இழுக்கும்; உறக்கம் வந்ததும் அது நின்றுவிடும்.

இரும்புச் சத்தின் பங்கு

கால் அமைதியின்மைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று இரும்புச் சத்துக் குறைபாடு. இந்தியச் சூழலில் இது கூடுதல் கவனத்துக்குரியது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட 5ஆவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினரும், ஆண்களில் 25 சதவீதத்தினரும் ரத்தசோகை உடையவர்கள்.

ஹீமோகுளோபின் அளவு இயல்பாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கக் கூடும். இதனை 'ஃபெரிட்டின்' என்ற ரத்தப் பரிசோதனை காட்டும். கால் அமைதியின்மை உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் அளவு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்கும் குறைவாக இருப்பின், இரும்புச் சத்து மருந்து தருவது பற்றி மருத்துவர்கள் பரிசீலிக்கின்றனர். பரிசோதனையின்றித் தாமாக இரும்பு மாத்திரை உட்கொள்வது கூடாது. அளவு மிகுந்தாலும் தீங்கே.

சிறுநீரகச் செயலிழப்பு, கர்ப்பம் ஆகியவற்றாலும் கால் அமைதியின்மை ஏற்படலாம். மனச்சோர்வுக்கான சில மருந்துகள், வாந்தியைத் தடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, சில ஒவ்வாமை மருந்துகள் ஆகியவை அதனைத் தூண்டக் கூடும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவிப்பதே முறை.

அச்சமும் ஒரு காரணம்

ஒருமுறை துடித்ததும் நெஞ்சு படபடக்கிறது. அடுத்த துடிப்பு எப்போது என்று மனம் காத்திருக்கிறது. உறக்கம் தள்ளிப்போகிறது. உறக்கக் குறைவும் மன அழுத்தமும் துடிப்பை மேலும் அதிகரிக்கின்றன. இச்சுழலை முறிப்பதே சமாளிப்பதற்கான முதற்படி.

பிற்பகலுக்குப் பின் தேநீர், காபி ஆகியவற்றைத் தவிர்க்கலாம். உணவுடன் தேநீர் அருந்துவது இரும்புச் சத்து உறிஞ்சப்படுவதையும் குறைக்கும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவது, கடும் உடற்பயிற்சியை உறங்கும் நேரத்துக்கு வெகு முன்பே முடிப்பது ஆகியன பயன் தரும். சுமார் 20 நிமிடங்களாகியும் உறக்கம் வராவிடில், எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, கண் சொக்கும்போது மீண்டும் படுக்கலாம்.

எப்போது மருத்துவரை அணுகுவது?

நினைவிழத்தல், நாக்கைக் கடித்துக்கொள்ளுதல், உடலின் ஒரு பகுதி பலவீனமடைதல், காய்ச்சலுடன் குழப்பம் ஆகியவை இருப்பின் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பகலிலும் துடிப்பு தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரின் ஆலோசனை அவசியம். வளரிளம் பருவத்தினருக்குக் காலையில் எழுந்தவுடன் கைகள் வெட்டி இழுப்பதும், பிடித்திருக்கும் பொருள் நழுவி விழுவதும் ஒருவகை வலிப்பு நோயின் அடையாளமாக இருக்கலாம்.

மருத்துவரைச் சந்திக்கும் முன், துடிப்பை வீட்டாரின் உதவியுடன் கைப்பேசியில் காணொலியாகப் பதிவு செய்வது நோயறிதலை எளிதாக்கும். நேரம், உட்கொள்ளும் மருந்துகள், எழுந்து நடந்தால் தணிகிறதா என்பன குறித்த குறிப்பும் உதவும்.

அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற மருந்துகள் 'எச்1' அட்டவணையில் உள்ளவை. மருத்துவரின் பரிந்துரைச் சீட்டின்றி அவற்றை விற்க அனுமதியில்லை. அவை பழக்கத்துக்கு அடிமையாக்கக் கூடியவை.

உறக்கமின்மையால் மனப்பதற்றம் மிகுந்தோர், மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தொடர்புகொண்டு தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஆலோசனை பெறலாம்.